மோட்டார் வண்டியைத் துருவினின்று காத்தல்

இரும்புக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்ட இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டிருப்பதாக, 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. பழைய குழிகளினின்று எடுக்கப்படும் இரும்புக் கருவி எதுவாயினும், முதலிற் கண்ணிற் படுவது அதன்மேல் ஏறிய துருவே. இரும்பை மனிதன் அறிந்த நாளிலேயே அதன் நோயையும் அறிந்துவிட்டான் எனலாம்.

இன்று ஓசூரில் இரும்பு வேறு உருவில் விளங்குகிறது. எழுபதுகளில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை அமைந்தது. டி.வி.எஸ். நிறுவனத்தின் இருசக்கர வண்டிகளும் இங்கிருந்தே நாடெங்கும் செல்கின்றன. இத்தொழிற்சாலைகளில் நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். ரோஜாத் தோட்டம் வைத்திருப்போரும், மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போரும், தறி நெய்வோரும் இப்போது ஒரு பழைய காரோ சிறு சரக்கு வண்டியோ வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருப்பதைக் காண்கிறோம். பெரும்பாலும் அவை கடன் பெற்று வாங்கியவை. கடன் தீரும்வரையாவது வண்டி உழைக்க வேண்டுமன்றோ? அதற்கு முதற்பகை துரு. அப்பகையை வீட்டிலிருந்தபடியே தடுக்கும் வகையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் கற்ற பாடம்

இதனை நூலறிவினால் மட்டும் எழுதவில்லை, பட்டறிந்தும் எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பழைய காரை வாங்கினோம். கடலோர நகரமொன்றிலிருந்து வந்த வண்டி அது. மேற்பூச்சு புதிதாக மின்னியது. இருக்கைகளுக்குப் புதிய உறை. ஓட்டிப் பார்த்தோம்; இன்ஜினில் குறை ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாண்டுத் தவணைக் கடனில் வாங்கினோம்.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் வண்டிக்குள் ஒரு புழுங்கல் நாற்றம் எழுந்தது. 'மிதிவிரிப்பைக் காயப் போடுங்கள்' என்று வீட்டார் சொன்னபோது நாம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் சூளகிரிக்கு அப்பால் நெடுஞ்சாலையில் மழைநீர் தேங்கியிருந்த இடத்தைக் கடக்கையில், முன் இருக்கையில் அமர்ந்திருந்த மகளின் காலில் கீழிருந்து சேற்றுநீர் தெறித்தது. மறுநாள் பழுது பார்ப்பவரிடம் சென்றோம். அவர் விரிப்பைத் தூக்கினார். தம் கையிலிருந்த திருப்புளியைத் தரைத்தகட்டின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அது அப்பளத்தைக் குத்தியதுபோல் உள்ளே இறங்கியது. 'மேலே பார்த்தால் மாப்பிள்ளை, ஐயா. கீழே பார்த்தால் சல்லடை' என்றார் அவர். மகள் அமர்ந்திருந்த இருக்கையைத் தரையோடு பிணைக்கும் மரையாணி, அந்தச் சல்லடையின் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தது. திடீரென்று பிரேக் பிடித்திருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதை இன்று நினைப்பினும் உள்ளம் நடுங்குகிறது. கடன் தீர அப்போது இன்னும் 22 தவணைகள் இருந்தன.

அந்நோய் மூன்று ஆண்டுகள் நம் காலடியிலேயே வளர்ந்தது. நாம் வாரந்தோறும் வண்டியைத் துடைத்தோம். ஆனால் துடைத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த இடங்களையே. துரு வளர்ந்ததோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இக்கட்டுரையின் சாரமும் இதுவே: வண்டி அழிவது பூச்சு மங்கிய இடத்தில் அன்று, நீர் தங்கிய இடத்தில்.

துரு என்பது யாது?

நெசவாளர்க்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று கூறுவோம். பாவும், ஊடையும், அவற்றை இணைக்கும் நாடாவின் ஓட்டமும் சேர்ந்தாலன்றித் துணி உண்டாவதில்லை. அவ்வாறே இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றித் துரு உண்டாவதில்லை. மூன்றில் ஒன்றை விலக்கிவிட்டால் தறி நின்றுவிடும். வண்டியில் இரும்பை விலக்க இயலாது. காற்றை விலக்குவது பூச்சின் வேலை. நீரை விலக்குவது நம் வேலை.

நனைந்த இரும்பின்மேல் கண்ணுக்குப் புலப்படாத சிறு மின்கலங்கள் தோன்றுகின்றன. ஓரிடத்து இரும்பு கரைய, மற்றோரிடத்தில் பிராணவாயு அதனோடு கூடுகிறது. நீரில் உப்பு கலந்திருப்பின் மின்னோட்டம் எளிதாகிறது, துரு விரைகிறது. மேலும், துரு தான் அழித்த இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின் பூச்சின்கீழ் ஓர் ஊசிமுனை அளவு துரு புகுந்தாலும், அது பருத்துப் பூச்சைக் கொப்புளம்போல் தூக்கிவிடுகிறது. கொப்புளத்தின் அடியில் நீர் தங்குகிறது; நீர் தங்கியவிடத்தில் துரு பெருகுகிறது. காரின் மேற்றகடு ஒரு மில்லி மீட்டர் கனமும் இராது என்பதை நினைவிற் கொண்டால், இவ்வேலைக்கு நெடுங்காலம் வேண்டியதில்லை என்பது விளங்கும்.

பிள்ளைகளைக் கொண்டு வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். உப்புத்தாளால் நன்கு தேய்த்த மூன்று இரும்பாணிகளை எடுத்துக்கொள்க. ஒன்றை உலர்ந்த புட்டியில் இட்டு இறுக மூடுக. மற்றொன்றைக் கிணற்று நீரில் பாதி முழுகுமாறு வைக்க. மூன்றாவதை, ஒரு கரண்டி பொட்டாஷ் உரம் கரைத்த நீரில் அவ்வாறே வைக்க. இரண்டொரு நாளில் மூன்றையும் ஒப்பிட்டு நோக்கினால், இங்கே சொல்லப்போகும் அனைத்துக்கும் அந்தப் புட்டிகளே சான்று பகரும்.

நம் ஊரில் துருவா?

'கடலுக்கு 200 கிலோ மீட்டருக்கும் அப்பால், மேட்டு நிலத்தில் வாழும் நமக்குத் துருவைப் பற்றி என்ன கவலை?' என்று சிலர் வினவலாம். இவ்வினாவில் ஓரளவு உண்மை உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களின் அரிப்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. உலோகத் தகடுகளைப் பல ஊர்களில் வெயிலிலும் மழையிலும் வைத்து, அவை எவ்வளவு எடை இழக்கின்றன என்று நிறுத்துப் பார்ப்பது இத்தகைய ஆராய்ச்சியின் முறை. கடற்கரையில் அரிப்பு மிகுதி; உள்நாட்டில் குறைவு. மண்டபம், பாம்பன் பகுதியின் உப்புக் காற்றை இரும்பு தாங்குவது அரிது. 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் பாலம் நூறாண்டுக்கு மேல் அக்காற்றோடு போராடி ஓய்ந்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

எனினும், கடல் நம்மிடம் வராவிடினும் உப்பு வருகிறது. அது வரும் வழிகளைக் காண்க.

உரம். பொட்டாஷ் என்று நாம் வாங்கும் உரம் பொட்டாசியம் குளோரைடு. அது சமையல் உப்புக்கு உடன்பிறப்பு. சாக்கு கிழிந்து டிக்கியின் தரையிற் சிந்திய ஒரு பிடி பொட்டாஷ், மாரிக்கால ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து, கடற்கரையையே வண்டிக்குள் கொணர்ந்துவிடும். அம்மோனியம் சல்பேட்டும் இரும்புக்கு ஆகாது.

சலவைத்தூள். பட்டுப்புழு வளர்ப்பு மனையைக் கிருமி நீக்கம் செய்யவும், நூலை வெளுக்கவும் பயன்படும் சலவைத்தூளினின்று குளோரின் ஆவி ஓயாது கிளம்புகிறது. அம்மூட்டையை ஓரிரவு வண்டிக்குள் வைப்பதும், மனைக்குக் கிருமிநாசினி அடிக்கும் நாளில் அதன் சுவரோரம் வண்டியை நிறுத்துவதும் தீங்கு பயக்கும்.

மாம்பழமும் காய்கறியும். கூழ் ஆலைக்குச் செல்லும் பெங்களூரா மாம்பழத்தின் சாறும், கூடையில் நசுங்கிய தக்காளியின் சாறும் புளிப்புடையன. சரக்கு வண்டியின் தளத்துப் பூச்சுக் கீறல்களில் அவை இறங்கி உறைகின்றன.

புழுதியும் சேறும். கல்லுடைக்கும் இடங்களின் மாவுப் புழுதியும் செம்மண் சேறும் தம்மளவில் உப்பல்ல. ஆயின் மட்கார்டின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு, நனைந்த சாக்குப்போல் நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பனி. கார்த்திகை முதல் தை வரை ஓசூரில் விடியற்காலைப் பனி கனத்து இறங்குகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டால் இரும்பு துருவேறத் தொடங்கும் என்பர். மழை பெய்யாத மாதத்திலும் வண்டி இரவெல்லாம் நனைந்தே நிற்கிறது.

நீர். ஆழ்துளைக் கிணற்று நீர் பலவிடங்களில் உப்புச் செறிந்தது. காய்ந்தபின் கண்ணாடியில் வெண்திட்டு விழுமாயின், அவ்வுப்பு தகட்டு மடிப்புகளிலும் தங்கிற்று என்று அறிக. பெங்களூரின் கழிவு கலந்து வரும் தென்பெண்ணை நீர், கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே நுரையாய்ப் பொங்கிச் சாலையை மறைத்த நாட்களும் உண்டு. அந்நுரையினூடே வண்டியை ஓட்ட நேர்ந்தால், வீடு சேர்ந்ததும் நல்ல நீரால் அடிப்புறத்தைக் கழுவிவிடுதல் நன்று.

கானடாவில் வாழும் நம் தமிழர்கள், குளிர்காலத்தில் சாலைப்பனியை உருக்கத் தூவப்படும் உப்பினால் தங்கள் வண்டிகள் சில ஆண்டுகளிலேயே அரிக்கப்படுவதைக் கூறக் கேட்கிறோம். அங்கே உப்பைத் தூவுவது நகராட்சி. இங்கே நாமே நம் வண்டிக்குள் தூவிக்கொள்கிறோம்.

நீர் தங்கும் இடங்கள்

வண்டியைக் கழுவுமுன், அதில் நீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று அறிந்துகொள்ளல் வேண்டும். கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் கதவின் உள்ளே செல்கிறது. அது வெளியேறுதற்காகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகளை வைத்திருக்கின்றனர். முன்கண்ணாடியின் அடியில் உள்ள பள்ளத்தில் விழும் நீருக்கும், கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டி போன்ற சட்டத்துக்கும், ஸ்டெப்னி வைக்கும் குழிக்கும் இவ்வாறே வடிதுளைகள் உண்டு. புளிய மரத்தடியிலோ வேப்ப மரத்தடியிலோ நிறுத்தப்படும் வண்டியில் இத்துளைகள் சருகினால் அடைபடுகின்றன. அடைபட்ட நாள்முதல் அவ்விடம் ஒரு சிறு குளம். கதவை ஆட்டும்போது உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்குமாயின், நோய் தொடங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை.

இவையன்றி மட்கார்டின் உள்விளிம்பு மடிப்பு, மிதிவிரிப்பின் அடி, பாட்டரித் தட்டு, சைலன்சரைத் தாங்கும் கொக்கிகள், சக்கரங்கள் எறியும் கற்கள் படும் கீழ்ப்பகுதி ஆகியனவும் கருத்துடன் நோக்க வேண்டிய இடங்களாம்.

வீட்டிற் செய்யத்தக்கவை

வாரம் ஒருமுறை. மேலிருந்து கீழாக நீர் விட்டுக் கழுவுக. மேற்பகுதிக்கு ஒரு வாளி நீர் செலவாயின், அடிப்பகுதிக்கு இரு வாளி செலவாகட்டும். மட்கார்டின் உட்புறத்தில் கைவிட்டுச் சேற்றைக் களைக. துணி துவைக்கும் தூளோ சலவைச் சோடாவோ வேண்டா. அவை மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடும். கழுவியபின் துடைத்து, கதவுகள், டிக்கி, பானெட் அனைத்தையும் திறந்துவைத்து அரைமணி நேரம் காற்றாட விடுக. ஈரவண்டியைக் காற்றுப் புகாத கொட்டகையில் அடைப்பது, திறந்த வெளியில் நிறுத்துவதைக் காட்டிலும் கெடுதி.

மாதம் ஒருமுறை. மிதிவிரிப்புகளைத் தூக்கி அடியிலுள்ள கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க. ஈரம் தட்டுப்பட்டால் காரணம் காணாமல் விடலாகாது. வடிதுளைகளைத் தென்னை ஈர்க்கினால் குத்திச் சுத்தம் செய்க. இரும்புக் கம்பி உட்பூச்சைக் கீறிவிடும், ஈர்க்குக் கீறாது. ஸ்டெப்னியை வெளியில் எடுத்துக் குழியைத் துடைக்க. பாட்டரி முனைகளில் வெண்பூவோ நீலப்பூவோ பூத்திருப்பின், எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, மீண்டும் பூட்டியபின் சிறிது வாசலின் தடவுக.

ஆண்டுக்கு இருமுறை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் வண்டிக்கு மெழுகு பூசுக. பூச்சின்மேல் விழும் நீர் முத்து முத்தாய்த் திரண்டு ஓடினால் மெழுகு நிற்கிறது. பரந்து படிந்தால் மெழுகு தீர்ந்தது என்பது குறிப்பு. கதவுகளின் உள்ளும் சட்டப் பெட்டியின் உள்ளும் தெளிப்பதற்கென்று மெல்லிய குழாயுடன் கூடிய மெழுகுத் தெளிப்பான் கடைகளிற் கிடைக்கிறது. முன்பே உள்ள துளைகளின் வழியே அதனைச் செலுத்துக. வெயில் காய்ந்த நாளிற் செய்க. செய்து முடித்ததும் வடிதுளைகள் மெழுகினால் அடைபடாமல் ஈர்க்கினால் திறந்துவிடுக.

கல் பட்ட காயத்துக்கு மருந்து

நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் எறியும் ஒரு பரற்கல் பட்டுப் பூச்சு பெயர்வது எல்லார்க்கும் நிகழ்வதே. கடுகளவே ஆயினும் அக்காயத்தை அம்மாதமே ஆற்றிவிடல் வேண்டும். முறை வருமாறு:

1. பனியும் மழையும் இல்லாத நாளின் முற்பகலைத் தேர்ந்துகொள்க. இடத்தைக் கழுவி நன்கு உலர்த்துக.

2. உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த துரு அனைத்தையும் நீக்கி, வெண்மையான உலோகம் தோன்றச் செய்க. சுற்றியுள்ள பூச்சின் விளிம்பையும் சரிவாகத் தேய்த்துவிடுக. இல்லையேல் விளிம்பின் அடியில் மறைந்த துரு மீண்டும் கிளம்பும்.

3. குழிகளில் தேய்ப்புக்கு அகப்படாத மெல்லிய துரு எஞ்சுமாயின், அதன்மேல் துருமாற்றி என்னும் திரவத்தை இட்டுப் புட்டியிற் குறித்த நேரம் காய விடுக.

4. தின்னர் தோய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பிரைமர் பூசுக. எபாக்சி பிரைமரோ துத்தநாக பாஸ்பேட் பிரைமரோ நன்று. மெல்லிய பூச்சாக இருமுறை பூசுதல், தடித்த பூச்சாக ஒருமுறை பூசுவதினும் மேல்.

5. காய்ந்தபின் வண்டியின் நிறத்துக்கு ஏற்ற பெயிண்டும், அதன்மேல் நிறமற்ற மேற்பூச்சும் இடுக.

தேய்த்த இரும்பை மறுநாள்வரை திறந்து வைத்தலாகாது. ஓரிரவுப் பனியிலேயே அது மஞ்சள் பூத்துவிடும். தேய்த்த நாளிலேயே பிரைமர் ஏறிவிட வேண்டும்.

துருமாற்றி எவ்வாறு வேலை செய்கிறது என்பது நம் சாயத் தொழிலாளர்க்குப் புதிதன்று. கடுக்காய் நீரில் தோய்த்த துணி, இரும்புக் கரைசல் பட்டதும் கறுத்துவிடுவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகின்றனர். கடுக்காயின் துவர்ப்பு, டானின் என்னும் பொருளால் ஆயது. அது இரும்போடு கூடி, நீரிற் கரையாத கருநிறப் பொருளாகிறது. கடையில் விற்கும் துருமாற்றிகள் பலவற்றில் அடங்கியிருப்பதும் இந்த டானினே. வேறு சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. அதனால் வெறும் கடுக்காய்க் கஷாயமே வண்டிக்குப் போதும் என்று கருதிவிட வேண்டா. கடையில் விற்பதில் படலமாய்ப் படியும் பசைப்பொருளும் சேர்ந்துள்ளது. எவ்வாறாயினும் துருமாற்றியின்மேல் பிரைமர் இன்றியமையாதது; தடித்து உதிரும் துருவின்மேல் அது பயன்படாது.

செய்யத் தகாதவை

வண்டியின் அடியில் பழைய இன்ஜின் எண்ணெயைப் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது புழுதியைப் பிடித்துக் களிம்பாக்குகிறது. ரப்பர் உறுப்புகளை ஊதச் செய்கிறது. பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. சொட்டுச் சொட்டாக இறங்கித் தோட்ட மண்ணையும் கிணற்றையும் கெடுக்கிறது. தோலுக்கும் தீங்கானது. அதனை அறவே விடுக.

கழிப்பறை கழுவும் ஆசிட்டினால் துருவை நீக்குவோரும் உளர். துரு நீங்கும் என்பது மெய்யே. ஆயின் அந்த அமிலத்தின் குளோரைடு இரும்பின் குழிகளில் தங்கி, முன்னினும் விரைவாகத் துருவை எழுப்பும்.

வண்டியின் அடிப்புறத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிப்பது நல்லதா என்று பலர் வினவுகின்றனர். தூய்மையாகவும் உலர்ந்தும் உள்ள தகட்டின்மேல் அடித்தால் நல்லது. துருவின்மேலும் ஈரத்தின்மேலும் அடித்தால், அது நோயாளியின் புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதை ஒக்கும். மேலே கறுப்பு மின்ன, உள்ளே தகடு உதிரும். நாம் வாங்கிய வண்டியில் நேர்ந்தது இதுவே. சைலன்சர், பிரேக், சுழலும் உறுப்புகள், ரப்பர், வடிதுளைகள் ஆகியவற்றில் இப்பூச்சு படலாகாது.

பிரேக் தட்டுகளில் கழுவிய மறுநாள் தோன்றும் செந்நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. இரண்டொருமுறை பிரேக் பிடித்தவுடன் அது தேய்ந்து போகும். அதன்மேல் எண்ணெயோ மெழுகோ தெளிப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

ஈரவண்டியை பிளாஸ்டிக் உறையால் மூடலாகாது. உறை இடுவதாயின் உலர்ந்த வண்டிக்கு, காற்றுப் புகும் துணியுறையாக இடுக.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே எவரும் நுழையலாகாது. ஜாக்கி சரியும், செங்கல் நொறுங்கும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு முக்காலித் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தியபின்னரே கீழே நோக்குக. இத்தாங்கிகளை நான்கு வீட்டார் கூடி ஒரு தொகுதி வாங்கினால், செலவும் பகிர்ந்துவிடும். ஒருவர் வேலை செய்கையில் மற்றொருவர் அருகில் நிற்கவும் ஆகும்.

நம் கைக்கு மீறியவை

துருவில் மூவகை உண்டு. பூச்சின் மேலோடு நிற்பது ஒன்று. குழி விழுந்தது ஒன்று. துளைத்துச் சென்றது ஒன்று. முதல் இரண்டும் நம் கைக்கு அடங்கும். மூன்றாவது அடங்காது. திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்க. நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு சொத்தையாக ஒலிக்கும். முனையால் அழுத்தினால் உட்செல்லும் இடம் எதுவாயினும் பட்டறைக்குச் செல்க. அதிலும் இருக்கை, இருக்கைப்பட்டை, சக்கரத் தாங்கிகள் ஆகியன பிணைக்கப்பட்ட இடங்களிலும், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் ஆகியவற்றிலும் துரு காணப்பட்டால் ஒருநாளும் தாழ்த்தலாகாது. அரித்த பகுதியை வெட்டி எறிந்து, புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தலே முறை. துளையின்மேல் பட்டி பூசிப் பெயிண்டு அடித்துத் தருவது வேலை அன்று, மறைப்பு.

பழைய வண்டி வாங்குவோர்க்கு

பதிவெண்ணை நோக்குக. டி.என். 70 ஓசூர், டி.என். 24 கிருஷ்ணகிரி. டி.என். 69 என்றால் தூத்துக்குடி; டி.என். 51 என்றால் நாகப்பட்டினம். கடலோர எண் கண்டு வண்டியை வேண்டா என்று தள்ள வேண்டுவதில்லை. அடிப்புறத்தை இருமடங்கு கருத்துடன் காண வேண்டும் என்பதே பொருள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. இருக்கைப்பட்டையை முழுவதும் இழுத்துப் பார்க்க. அதன் கடைசி முழத்தில் சேற்றுக்கோடு உண்டாயின் வண்டி மூழ்கியது என்று அறிக. விரிப்பைத் தூக்காமலும், ஸ்டெப்னிக் குழியைக் காணாமலும், பள்ளத்தின்மேல் ஏற்றி அடிப்புறத்தை விளக்கிட்டுப் பார்க்காமலும் முன்பணம் தரலாகாது. விற்பவர் இதற்கு இணங்காவிடின், அவ்விணங்காமையே விடை.

இக்காலத்துப் புதிய வண்டிகளின் உடலைத் தொழிற்சாலையில் தொட்டியில் முழுக்கி, மின்சாரத்தின் உதவியால் மூலைமுடுக்கெல்லாம் முதற்பூச்சுப் படியச் செய்கின்றனர். பல வண்டிகளில் தகடே துத்தநாகம் பூசியது. இரும்புக்கு வரும் அரிப்பைத் துத்தநாகம் தான் ஏற்றுக்கொண்டு தேய்கிறது. ஆதலின் பழைய அம்பாசடரைவிட இவை நெடுநாள் தாங்கும். எனினும் கீறலுக்கும், அடைபட்ட துளைக்கும், சிந்திய பொட்டாஷுக்கும் எப்பூச்சும் என்றென்றும் ஈடு கொடாது.

நாம் அந்த வண்டியின் தரையை வெட்டிப் புதுத்தகடு வைத்தோம். அச்செலவு ஐந்து மாதத் தவணையை விழுங்கிற்று. கடன் தீர்ந்து ஆண்டுகள் சில ஆயினும் வண்டி இன்றும் ஓடுகிறது. ஞாயிறுதோறும் காலையில் விரிப்பைத் தூக்கி உள்ளங்கையால் தரையை அழுத்திப் பார்ப்பது இப்போது நம் மகளின் வேலை. 'ஈரமில்லை, அப்பா' என்று அவள் சொன்னபின்னரே நாம் வண்டியை எடுக்கிறோம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

துரு பிறக்க இரும்பு, நீர், காற்று மூன்றும் வேண்டும். நீரை விலக்குவது நம் கையில் உளது. உரமும் சலவைத்தூளும் ஏற்றிய வண்டியை அன்றே கழுவுக. வடிதுளைகளைத் திறந்து வைக்க. தேய்த்த அன்றே பிரைமர் பூசுக. துருவை மூடாதீர், நீக்குக.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. கடற்கரைக்கு வெகுதொலைவில் உள்ள நம் பகுதியில் வண்டிக்கு உப்பு எவ்வெவ்வழிகளில் வந்து சேர்கிறது?

2. உங்கள் வண்டியின் வடிதுளைகள் எத்தனை? அவை எங்கெங்கே உள்ளன?

3. துருவின்மேல் கறுப்புப் பூச்சு அடிப்பதனால் விளையும் கேடு யாது?

4. கடுக்காய்ச் சாயத்துக்கும் துருமாற்றிக்கும் உள்ள ஒற்றுமை என்ன?

5. பழைய வண்டி வாங்குமுன் நோக்க வேண்டிய இடங்கள் யாவை?